அப்பாவுக்குப் புத்தகம் சொன்னவர்களுக்கு

கோவில்பட்டி

அன்புள்ள வாசகர் வட்ட நண்பர்களுக்கும் நூலகர் ஐயாவுக்கும்,

வணக்கம். போன கூட்டத்தில் நன்றி சொல்ல எழுந்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது, உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தால் எல்லோரும் பார்ப்பீர்கள்.

அப்பா நாற்பது வருஷத்துக்கு மேல் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். காலையில் டீக்கடையில் பேப்பர், சாயங்காலம் நம் கிளை நூலகம். இது இரண்டும் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. சர்க்கரை கண்ணில் இறங்கியது. ஊசி போட்டோம், லேசர் வைத்தோம், பார்வை நிற்கவில்லை. இப்போது ஆள் நிழலாகத் தெரியும், எழுத்து தெரியாது. பேச்சையே குறைத்துக்கொண்டார். டிவியைப் போட்டால், "அணைச்சிரு தாயி" என்பார்.

சரி, நாம் படித்துக் காட்டுவோம் என்று வீட்டில் இருந்த தடிமனான சரித்திர நாவலை எடுத்தேன். மூன்றாம் நாள், "யார் யாருன்னு பிடிபடல, விடும்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வாரம்தான் உங்களிடம் வந்து, காதால் கேட்பதற்கு ஏற்ற புத்தகம் எது என்று கேட்டேன்.

ஒருவர்கூட உடனே ஒரு பெயரைச் சொல்லவில்லை. அதை நான் மறக்கவே மாட்டேன். அப்பா பிறந்தது எந்த ஊர், காடு கரை இருந்ததா, மாடு வைத்திருந்தாரா, ராத்திரி எத்தனை மணிக்குக் கண் சொக்கும் என்று மாறி மாறி விசாரித்தீர்கள். "அவருக்கு எதக் கேட்டா கோவம் வரும்?" என்று கடலைமிட்டாய் அண்ணாச்சி கேட்டார். பெற்ற மகள் நான், அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் நூலகங்களுக்கென்று 1931-ல் எழுதிவைத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. நூலகர் ஐயா அடிக்கடி சொல்வார். அன்றைக்கு அது என் கண்முன் நடந்தது.

அண்ணாச்சி சொன்னது சி. சு. செல்லப்பாவின் ஜல்லிக்கட்டுக் கதை 'வாடிவாசல்'. "சின்னப் புத்தகந்தான், பேச்சாவே போகும், ரெண்டு ராத்திரியில முடிச்சிரலாம்" என்றார். காரிக் காளை வரும் இடத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்து கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் குடிக்க நான் நிறுத்தியதும், "மொதல்ல மாட்ட அவுத்து விடு!" என்று ஒரு அதட்டல். எத்தனை மாதம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு! அண்ணாச்சி, அந்த ஒரு அதட்டலுக்கு நான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

தமிழாசிரியர் ஐயா கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தைச் சொன்னதோடு, அதே கி. ரா. தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியையும் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். ஏதாவது சொல்லில் நான் தடுக்கி நின்றால், அகராதியைப் புரட்டுவதற்குள் அப்பா பொருள் சொல்லிவிடுவார். ஒருநாள் பேச்சு, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலை இறைப்புக்குப் போனது. இரண்டு கையையும் காற்றில் நீட்டி, மாடு சரிவில் இறங்கும்போது தண்ணீர் மொள்ளும் சால் எப்படி மேலே வரும், பின்னால் நடந்து ஏறும்போது எப்படிக் கிணற்றுக்குள் போகும், இறைப்பவர் வடத்தின்மேல் எந்த நேரத்தில் உட்காருவார் என்று அரை மணி நேரம் சொன்னார். அன்றைக்குப் புத்தகம் இரண்டு பக்கம்கூட நகரவில்லை. ஐயா, நீங்கள் சொன்னபடியே அப்பா சொன்ன சொற்களை அகராதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

நர்ஸ் அக்கா சொன்ன அசோகமித்திரனின் 'தண்ணீர்', குடத்தோடு காத்து நின்று பழகிய நம் ஊர்க்காரருக்கு விளக்கமே இல்லாமல் புரிந்தது. ஒன்றிரண்டு புத்தகம் ஒத்துவரவில்லை. நினைவோட்டமாகப் போகிற நாவல்கள் காதில் தங்குவதில்லை. அதைச் சொன்னபோது யாரும் முகம் வாடவில்லை, "அப்ப இதப் படிச்சுப் பாருங்க" என்று வேறொன்றை எடுத்து நீட்டினீர்கள். தவணை தள்ளிப்போன போதெல்லாம் புதுப்பித்துக் கொடுத்த நூலகர் ஐயாவுக்கும் நன்றி.

கல்லூரியில் படிக்கும் தங்கச்சிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் நீ எழுதிக் கொடுத்தது கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. அவரும் கி. ரா.வும் ஒரே ஊர், இடைசெவல். அழகிரிசாமிக்கு 1970-லும் கி. ரா.வுக்கு 1991-லும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது என்று சொன்னதும், "பக்கத்து ஊரு, நமக்குத் தெரியாமப் போச்சே" என்று அப்பா ஆச்சரியப்பட்டார். கதையில் தாயம்மாள் அந்த அநாதைப் பையனைக் குளிக்க வைத்து, புருஷனுக்கென்று வைத்திருந்த துண்டை அவனுக்குக் கொடுக்கும் இடம் வந்தது. அப்பா அசையவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் ராத்திரி, "அதையே இன்னொரு வாட்டி படி" என்றார். படித்து முடித்ததும், ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன முதல் வருஷத் தீபாவளியைச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து கட்டை அடுக்கிய ஒரு அம்மா, தன் மகனுக்குத் தைத்த கால்சட்டையை இவருக்குக் கொடுத்தாராம். இத்தனை வருஷத்தில் அம்மாவிடம்கூட அவர் சொல்லாத கதை. "இத அந்தப் பிள்ளைகிட்ட மறக்காமச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன், தங்கச்சி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குத் தானும் வருகிறேன் என்கிறார். ஆட்டோவில் கூட்டி வந்துவிடுவேன், மாடிப்படி ஏறுவதுதான் சிரமம். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீழே பேப்பர் படிக்கும் அறையில் உட்காரலாமா? ஜன்னலோரம்தான் அவர் வழக்கமாக உட்காருவார்.

அன்புடன்,
உங்கள் வட்டத்தில் ஒருத்தி