ஆடுகளின் சத்தம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு மகனுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அம்மாவின் வாழ்த்துகள். கோலாலம்பூரில் உன் சபையின் கூரை வேலைக்கு 5,000 மலேசிய வெள்ளி காணிக்கை கொடுத்ததாகச் சொன்னாய். மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியோடுதான் அண்ணனோடு ஒப்புரவாவதைப் பற்றிக் கேட்டேன். "எல்லாவற்றிலும் ஆண்டவருக்குக் கீழ்ப்படிகிறேன் அம்மா, அந்த ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்" என்றாய். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது, மார்க்கெட் ஸ்திரீட் கடைகளின் முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் தையல் இயந்திரம் போட்டிருந்தேன். கல்யாண உடுப்புக்காக ஒரு பெண்மணி வெள்ளை சாட்டின் கொண்டுவந்தார். நெருக்கி வெட்டியதில் ஒன்றரை மீட்டர் மிஞ்சியது. துணி சரியாகப் போய்விட்டது என்று சொல்லி, கிழிசல்களை மட்டும் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஈஸ்டருக்குப் பிரசங்க பீடத்துக்கு வெள்ளை விரிப்பு வேண்டும் என்றார்கள். அந்தச் சாட்டினிலேயே தைத்து, தங்க நூலில் சிலுவையும் போட்டுக் கொடுத்தேன். சபையே பாராட்டியது.

சில வாரங்கள் கழித்துப் போதகர் 1 சாமுவேல் 15-ஐ எடுத்தார். அமலேக்கியரின் ஆடுமாடு எதையும் விட்டுவைக்காதே என்பது சவுல் ராஜாவுக்குக் கர்த்தரின் கட்டளை. சவுலோ தரமானவற்றைத் தப்பவைத்துவிட்டு, கட்டளையை நிறைவேற்றினேன் என்கிறான். அப்படியானால் என் காதில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன என்று தீர்க்கதரிசி சாமுவேல் கேட்கிறார். அவை கர்த்தருக்குப் பலியிடத்தான் என்கிறான் சவுல். நான் நிமிர்ந்து பார்த்தேன். போதகரின் கைகளுக்குக் கீழே அந்தச் சாட்டின் தொங்கிக்கொண்டிருந்தது. "பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்" என்று அவர் வாசித்தபோது என் தலை தானாகக் குனிந்துவிட்டது. மறுநாள் துணியின் விலையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போனேன். பணத்தை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் துணி கொடுக்கவே இல்லை.

2 நாளாகமம் 25-ல் அமத்சியா ராஜாவையும் பார். கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழு மனதோடே அப்படிச் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறது. இத்தனைக்கும், கூலிப் படைக்குக் கொடுத்துவிட்ட 100 தாலந்து வெள்ளியை, தேவனுடைய மனுஷன் ஒரு வார்த்தை சொன்னதும் போகட்டும் என்று விட்டவன் அவன். அதே அதிகாரத்தில், தான் தோற்கடித்த ஏதோமியரின் தெய்வங்களைக் கொண்டுவந்து அவற்றின் முன்னால் குனிகிறான். பணத்தை விடுவது அவனுக்கு முடிந்திருக்கிறது. உனக்கும் அது முடியும், மகனே. நீ சிறுவயதிலிருந்தே தாராள மனசுக்காரன்.

அப்பாவின் சேமநிதிப் பணத்தில் அண்ணன் உன்னைக் கலக்காமல் செய்தது தவறு. அதை அவனிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் மத்தேயு 5-ல் ஆண்டவர் சொல்வதை நிதானமாக வாசி. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறார். உனக்கு அவன்மேல் இருக்கும் குறையை அங்கே அவர் கேட்கவில்லை. அப்பாவின் நினைவு நாளன்று, அவன் பிள்ளைகளின் முன்னால் அவனைத் திருடன் என்றாய். சின்னவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அந்தச் சொல் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் ரயிலில் பட்டர்வொர்த் வந்து இறங்குகிறாய். அண்ணன் வீடு இருக்கும் தாமான் குடியிருப்பு அங்கிருந்து பத்து நிமிடம். அதைக் கடந்து நேராக ஃபெரி ஏறி என்னிடம் வந்துவிடுகிறாய். இந்தச் சனிக்கிழமை முதலில் அங்கே போ. நீ வருவதாக அவனிடம் நான் சொல்லப்போவதில்லை. கதவை நீயே தட்டு. எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். கடைசி ஃபெரியில் வந்தாலும் சோறு சூடாக இருக்கும்.

ஜெபத்துடன்,
அம்மா