அளந்த முறையையும் கேளுங்கள்

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் பாலிமர் விண்ணப்பங்களைப் பரிசோதிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

படிக பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்ற தகராறு உங்கள் அலுவலகத்தில் 1958-இல் தொடங்கியது. ஐந்து நிறுவனங்கள் மோதின. 1971-இல் இத்தாலியின் மான்டெடிசன் பக்கம் முடிவானது. 1980-இல் டெலவேர் நீதிமன்றம் அதை மாற்றி, 1953 ஜனவரியிலேயே விண்ணப்பித்திருந்த பிலிப்ஸ் நிறுவனத்தின் ஹோகன், பேங்க்ஸ் இருவருக்கும் முன்னுரிமை அளித்தது. காப்புரிமை கிடைத்தது 1983-இல். அதற்குள் மான்டெடிசன் தரப்பு வேதியியலாளர் ஜூலியோ நாட்டா நோபல் பரிசும் பெற்று, மறைந்தும் போயிருந்தார்.

இழுபறிக்குக் காரணங்கள் பல. என்னை உறுத்துவது உரிமைக்கோரலில், அதாவது எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாசகத்தில், இருந்த ஒரு தொடர்: 'கணிசமான படிகப் பகுதி கொண்ட' பாலிபுரோப்பிலீன். எவ்வளவு இருந்தால் கணிசம்? எதைக் கொண்டு அளப்பது?

ஒரே பாலிபுரோப்பிலீன் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். உருக்கிச் சட்டென்று குளிர வைத்த படலத்தில் எக்ஸ்-கதிர் காட்டும் படிகத்தன்மை குறைவு; மெதுவாக ஆறவிட்டால் அதிகம். மூலக்கூறுச் சங்கிலியோ மாறவே இல்லை. அகச்சிவப்பு நிறமாலையில் 998, 973 அலை எண்களில் வரும் பட்டைகளின் விகிதத்தைப் பார்த்தாலும், மாதிரியைச் சூடாக்கிப் பதப்படுத்தினால் அது ஏறிவிடும். கொதிக்கும் ஹெப்டேன் என்ற கரைப்பானில் கரையாத பகுதியை எடை போடுவது வேறொரு கணக்கு. சங்கிலியில் கிளையாக நிற்கும் மீத்தைல் தொகுதிகள் அடுத்தடுத்து எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதை நேரடியாகச் சொல்வது கார்பன்-13 என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) அளவீடு மட்டுமே. நான்கும் நான்கு எண்களைத் தரும்; நான்கையும் 'ஒழுங்கு' என்றே எழுதுகிறார்கள்.

இது பழங்கதை அல்ல. காப்பாக்சோன் மருந்து வழக்கில், 'மூலக்கூறு எடை' என்றால், நீளம் வேறுபடும் சங்கிலிகளுக்குப் பல விதமாகக் கணக்கிடக்கூடிய சராசரிகளில் எது என்று தெளிவில்லை என்பதற்காகவே 2015-இல் உரிமைக்கோரல்கள் செல்லாமல் போயின. அந்தக் கேள்வியைப் பரிசோதனை மேசையிலேயே கேட்டிருக்க வேண்டாமா?

2013 மார்ச் 16 தொடங்கி, முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை என்று சட்டம் மாறிவிட்டது. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைக் காட்டிப் பழைய தேதி கேட்க இனி வழியில்லை. விண்ணப்பத்தில் உள்ளதே சாட்சி. ஆகவே சங்கிலி அமைப்பை எண்ணால் உரிமை கோருவோரிடம் கருவி, வெப்பநிலை, கரைப்பான், மாதிரியை ஆறவைத்த விதம், மூல நிறமாலை அனைத்தையும் கேட்டு வாங்குங்கள். முந்தைய விண்ணப்பத்தில் அளவீட்டு முறை சொல்லப்படாமல், பிறகு சேர்த்த எண்ணுக்கு அந்தப் பழைய தேதியைத் தராதீர்கள்.

இப்படிக்கு,
பாலிமர் ஆய்வாளர் ஒருவர்