தியாகராஜர் கீர்த்தனைக்கு யாரிடம் அனுமதி வாங்குவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் அம்மாபேட்டையில் 26 வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். தோளில் வி.எச்.எஸ். கேமரா, லைட் பிடிக்க ஒரு பையன் என்று ஆரம்பித்த தொழில். கொரோனாவுக்கு அப்புறம் 'லைவ் உண்டா?' என்று கேட்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை.

போன வைகாசியில் ஓமலூர் ரோட்டு மண்டபம் ஒன்றில் முகூர்த்தம். பெண்ணின் பாட்டி இருப்பது ஏற்காட்டில். இடுப்பில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 20 கொண்டை ஊசி வளைவில் அவரை இறக்கிக் கூட்டிவர முடியாது. லைவ் வைத்ததே அவருக்காகத்தான். மாலை மாற்றும்போது தாரமங்கலத்து நாயனக்காரர் 'சீதா கல்யாண வைபோகமே' வாசித்தார். பிறகு தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் என் லேப்டாப்பில் அந்த அறிவிப்பு: பிறருக்கு உரிமையுள்ள இசையாம். ஒளிபரப்பு நின்றது. மறுபடி இணைப்பதற்குள் கெட்டிமேளம் முடிந்து, தரையெல்லாம் அட்சதை. ஏற்காட்டிலிருந்து போன். "தாலி கட்டுனது தெரியவே இல்லியே கண்ணு, நெட்டு தீந்துபோச்சா?" பாட்டிக்கு என்ன பதில் சொல்வது?

உரிமை கோரியது ஒரு இசை நிறுவனம். அவர்களுடைய மங்கள இசைத் தொகுப்பில் இதே கீர்த்தனை இருக்கிறது. நேரலை ஓடிய வீடியோ தளத்தின் இயந்திரம் இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்றேதான் என்று தானாகவே முடிவு செய்துவிட்டது. இதை எழுதிய தியாகராஜர் மறைந்தது 1847இல். நம் நாட்டின் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள்தான் உரிமை. அந்தப் பாட்டு இன்று ஊர்ச் சொத்து. தாங்கள் செய்த ஒலிப்பதிவுக்கு அந்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் இருப்பது நாதஸ்வரத்துக்கு ஒரு முழம் தள்ளி நானே வைத்த மைக்கில் பதிந்த சத்தம். நடுவில் நாயனக்காரர் ஊதுமுனையான சீவாளியை மாற்ற நிறுத்தியதும், தவில்காரர் அதைச் சமாளித்ததும், முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டதும் அதில் இருக்கின்றன. எந்த இசைத் தொகுப்பில் குழந்தை அழுகிறது?

கோபத்தில் ஒரு வக்கீல் நண்பரிடம் உட்கார்ந்து சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மதச் சடங்கில் இசைப்பது உரிமை மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணம் சார்ந்த கொண்டாட்டங்களும் அதில் சேரும் என்று அங்கேயே விளக்கம் இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை நினைவூட்டி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வாசித்த கலைஞருக்கு அவர் வாசிப்பின் மேல் 50 ஆண்டு உரிமை உண்டு. இன்னொன்றும் தெரிந்தது, எனக்கே புதிது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 17ஆம் பிரிவின்படி கல்யாண வீடியோவின் முதல் உரிமையாளர் நான் இல்லை, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன பெண்ணின் அப்பா. இப்போது அந்த வீடியோவுக்கு நடுவில் விளம்பரம் ஓடுகிறது. அந்தக் காசு அவருக்கும் இல்லை, நாயனக்காரருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

ஆட்சேபம் எழுதினேன். பதில் சொல்ல 30 நாள் அவகாசம் என்றார்கள். யார் பதில் சொல்வது? உரிமை கோரிய அதே நிறுவனம்தான்! புகார் கொடுத்தவரையே நாட்டாமை நாற்காலியில் உட்காரவைத்தது போல. 29ஆம் நாள் 'எங்கள் கோரிக்கை சரியே' என்று ஒரே வரி வந்தது. மேல்முறையீடு செய்யலாம், அதுவும் தோற்றால் சேனலுக்குக் கரும்புள்ளி விழலாம். மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். அதில் 400 குடும்பத்துக் கல்யாணங்கள் இருக்கின்றன. பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று நிமிட ஹைலைட்ஸுக்குப் பின்னணியில் சினிமாப் பாட்டைப் போட்டு வலையேற்றிய காலம் எனக்கும் உண்டு. அதை முடக்கினார்கள், தப்பு என்னுடையது, விட்டுவிட்டேன். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேர வேண்டியது சேரத்தான் வேண்டும். ஆனால் நான் திருடினால் என் சேனல் போகிறது, பொய்யாக உரிமை கோருகிறவருக்கு ஒரு ரூபாய்கூட அபராதம் இல்லையே, இது என்ன கணக்கு? தவறாக உரிமை கோரினால் நஷ்டஈடு, ஆட்சேபத்தைப் படித்துப் பார்க்க இரு தரப்பையும் சேராத ஒரு மனிதர், இந்த இரண்டையும் மத்திய அரசு சட்டத்தில் கொண்டுவர வேண்டும். நேரலையைப் பாதியில் வெட்டும் முன்பாவது ஓர் ஆள் அதைக் காதால் கேட்கட்டும்.

போன வாரம் தாரமங்கலத்தாரை வேறொரு கல்யாணத்தில் பார்த்தேன். 40 வருஷமாக வாசிக்கிற மனிதர். சீவாளியை வாயில் ஈரப்படுத்திக்கொண்டே என் பக்கம் குனிந்து, "தம்பி, இன்னிக்கு எதை வாசிச்சா வெட்ட மாட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு கல்யாண வீடியோக்காரன்,
அம்மாபேட்டை, சேலம்.