பாத்திரத்தில் மிஞ்சிய நீர்

அன்புள்ள மகளுக்கு,

எத்தனையோ படித்தும் வாழ்வதற்கு மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை என்று போன வாரம் தொலைபேசியில் நீ வருந்தியது என் மனத்தை விட்டு அகலவில்லை. பௌத்த நூல்களைச் சில ஆண்டுகளாக வாசித்துவரும் நான், எனக்கு விளங்கியதை எழுதுகிறேன்.

புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்ன பாடம் ஒன்று, அவருடைய உரைகளின் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் இருக்கிறது. அப்போது அவனுக்கு வயது 7 என்பது உரைமரபு. மகன் எடுத்துவைத்த நீரில் கால் கழுவிய தந்தை, பாத்திரத்தின் அடியில் சிறிது நீரை விட்டுவைத்து, "இது தெரிகிறதா?" என்று கேட்டார். அறிந்தே பொய் சொல்லி அதற்கு வெட்கப்படாதவரின் துறவு இவ்வளவுதான் என்றார். பிறகு அதையும் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார், மறுபடி நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டினார். அடுத்து, கண்ணாடி எதற்கு என்று கேட்டார். "பார்ப்பதற்கு" என்றான் சிறுவன். அப்படியே ஒவ்வொரு செயலையும், சொல்லையும், எண்ணத்தையும் தொடங்குமுன், நடக்கும்போது, முடிந்தபின் என மூன்று வேளையும் பார்க்க வேண்டும். அது தனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா என்பதே கேள்வி. இதைவிட எளிய பாடத்திட்டத்தை நான் கண்டதில்லை.

பாடம் அத்துடன் முடியவில்லை என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. ராகுலனின் 18 வயதில், தன் உடலழகில் மனம் லயித்தவனிடம், "இது என்னுடையது அன்று" என்று உருவத்தைப் பார்க்கச் சொன்னார். தூய்மையானதையும் அசுத்தத்தையும் ஒன்றுபோல ஏற்கும் நிலத்தைப் போல இருக்கவும், மூச்சைக் கவனிக்கவும் கற்பித்தார். வயதுக்கேற்ற பாடம், ஆனால் ஒரே கல்வி.

அந்த நூலின் மொழியான பாலியில் இந்தப் பயிற்சிக்குச் சிக்கா என்று பெயர். நம் 'சிட்சை' அதே வேரிலிருந்து வந்தது, அது தமிழில் தண்டனையையும் குறிக்கத் தொடங்கியது எனக்கு வருத்தமே. பௌத்தர்களின் ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலம்கூடக் கட்டளையாக அமையவில்லை; "பொய்யிலிருந்து விலகும் பயிற்சியை மேற்கொள்கிறேன்" என்றுதான் சொல்கிறார்கள். ஞானப் பாதையில் வெகுதூரம் வந்தவரையும் 'சேகர்', அதாவது கற்பவர் என்றே அழைக்கிறார்கள். கற்று முடித்தவர், முழு விடுதலை அடைந்த அரகந்தர் மட்டுமே. அப்படியிருக்க, முப்பது வயதில் உனக்கு வாழத் தெரியவில்லை என்பது எப்படிக் குறையாகும்?

மூன்றாம் வேளையைப் பற்றி இன்னும் ஒன்று எழுத வேண்டும். செய்தது தவறு என்று பின்னர் தெரிந்தால், அதை ஆசிரியரிடமோ அறிவுள்ள நண்பரிடமோ வெளிப்படையாகச் சொல்லி, இனி செய்யாமல் தன்னைக் காக்க வேண்டும் என்கிறார் புத்தர். உன் இறுதித் தேர்வு நேரத்தில் தாத்தா படுத்த படுக்கையாக இருந்தபோது, "நன்றாகத்தான் இருக்கிறார்" என்று மூன்று முறை உன்னிடம் சொன்னேன். உன் நன்மைக்கு என்று நினைத்துக்கொண்டேன். நீ வந்து சேர்ந்தபோது அவர் முகத்தை மூடியிருந்தார்கள். நீ என்னை ஒன்றும் கேட்கவில்லை. பாத்திரத்தைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் உன் அந்த மௌனம்தான் நினைவுக்கு வருகிறது. அறிந்தே சொன்ன பொய் அது, அம்மா. உனக்குச் சேர வேண்டிய விடைபெறுதலை நான் தடுத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும், உள்ளது உள்ளபடி முதலில் உனக்குத்தான் சொல்வேன்.

அன்புடன்,
அப்பா