வயிற்றையும் கொஞ்சம் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூளையில் ரத்தக்குழாய் புடைத்து வெடிப்பதைப் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இடி விழுந்தாற்போல் திடீரென வரும் தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று அழுத்திச் சொன்னதற்கு நன்றி. ஆனால் அனூரிசம், அதாவது தமனியின் சுவர் தளர்ந்து புடைப்பது, என்றாலே மூளைதான் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. ரொம்ப காலம் ஸ்கேன் அறையில் வேலை பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

மூளையில் வருவது பெரும்பாலும் குழாய் கிளை பிரியும் இடத்தில், காம்பில் தொங்கும் சிறு பழம்போல ஒரு பக்கமாகப் புடைக்கும். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் பெரிய குழாயின் வயிற்றுப் பகுதியான வயிற்றுப் பெருந்தமனியில் சுவர் சுற்றிலும் தளர்ந்து குழாயே பருத்துவிடும். முழங்காலுக்குப் பின்னால் வருவது வெடிப்பது அபூர்வம். உள்ளே ரத்தம் உறைந்து காலுக்குப் போகிற ஓட்டத்தையே அடைத்துவிடும். காலில் நெளிநெளியாகத் தெரியும் வெரிகோஸ், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை சம்பந்தப்பட்டது, அது வேறு.

எனக்குக் கவலை வயிற்றில் வருவதைப் பற்றித்தான். பெரும்பாலும் வலியே இருக்காது. சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுக்க வந்த பெரியவர்களிடம் தற்செயலாகப் பார்த்திருக்கிறேன். திரையில் ஒரு கருவட்டம் இதயத்தோடு சேர்ந்து துடிக்கும். அதன் ஓரமாகச் சாம்பல் நிறத்தில் உறைந்த ரத்தம் படிந்திருக்கும். உள்ளே ரத்தம் ஓடும் கருப்புப் பகுதியை மட்டும் அளந்தால் அளவு குறைந்துவிடும். சுவரோடு சேர்த்துத்தான் அளக்க வேண்டும். வழக்கமாக 2 செ.மீ. அளவில் இருக்கும் குழாய் 3 செ.மீ. ஆனாலே அனூரிசம்தான். அதற்காகப் பயந்துவிட வேண்டாம். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 செ.மீ. வரும்வரை பொதுவாகக் கண்காணிப்புதான். அதற்கு மேல் அறுவை சிகிச்சை, அல்லது தொடை வழியாக உள்ளே செலுத்தும் ஸ்டென்ட் கிராஃப்ட், அதாவது பருத்த இடத்துக்குள் பொருத்தும் செயற்கைக் குழாய். வெடித்துவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. 1955இல் ஐன்ஸ்டைன் இறந்தது இதனால்தான்.

புகைபிடிப்பதுதான் பெரிய காரணம். அப்புறம் வயது, ரத்த அழுத்தம், குடும்பத்தில் யாருக்காவது இருந்திருப்பது. பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களை அழைத்து ஒரு தடவை ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள். எந்த ஊராக இருந்தாலும், 65 தாண்டி, எப்போதாவது புகைபிடித்த பழக்கம் உள்ள ஆண்கள் இந்த ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். உடன்பிறந்தவர்களுக்கோ பெற்றோருக்கோ இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இதை விரிவாக ஒரு கட்டுரையாகவே போடுங்கள். வெறும் வயிற்றோடு வந்தால் வாயு மறைக்காமல் குழாய் தெளிவாகத் தெரியும் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்கேன் ஊழியர்