நூல் அறுந்தால் முதலில் அறுந்த முனையைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளி நெருங்கும்போதெல்லாம் தேக்கா வட்டாரத்துக் கடைகளில் ரவிக்கைத் துணி வாங்கும் பெண்கள், அதில் பூவேலை செய்து தர ஆள் தேடி அலைவதைப் பார்க்கிறோம். அந்தத் தேவையைக் கண்டு, வீட்டிலிருந்தபடியே சிறிது சம்பாதிக்கலாம் என்ற நம்பிக்கையில் எம்பிராய்டரி இயந்திரம் வாங்கிய தமிழ்ப் பெண்கள் இங்கே பலர். எனக்குத் தெரிந்த அளவில், அவற்றில் சில இயந்திரங்கள் ஓராண்டுக்குள் உறை போர்த்தி அலமாரி மேல் ஏறிவிட்டன. காரணம் கேட்டால், நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் பதில். இருபது ஆண்டுகளாக ரவிக்கை தைத்து வருபவள், அதில் ஒன்பது ஆண்டுகள் இந்த இயந்திரத்தோடு பழகியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம், எங்கள் புளோக்கின் நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பெண் தன் இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பழுதுபார்க்கும் கடை ஒன்றில், உள்ளே மின்பலகை கெட்டிருக்கலாம், புதிது வாங்குவதே மேல் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு முன்பே அவர் மேல்நூல் டென்ஷனை, அதாவது நூலைப் பிடிக்கும் இறுக்கத்தை, தளர்த்தியும் கூட்டியும் பார்த்துவிட்டு, அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கூட்டிலுள்ள சின்னத் திருகையும் அசைத்திருந்தார். அறுந்த நூலின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அது நறுக்கென்று அறுபட்டிருக்கவில்லை. இழை இழையாகப் பிரிந்து, பஞ்சுபோல் பூத்திருந்தது. ஊசியைக் கழற்றி அதன் நுனியை என் விரல் நகத்தின்மேல் மெல்ல இழுத்தேன், நகத்தில் கோடு விழுந்தது; நுனியில் பிசிறு இருப்பதன் அடையாளம் அது. ஊசிக்காதின் உட்புறத்தில் பழுப்பு நிறத்தில் பசை படிந்திருந்தது. துணியை அடித்தாளோடு ஒட்டவைக்க அவர் தெளிக்கும் பசைதான் அது. ஊசியை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "ஊசிய மாத்தணுமா? அது உடைஞ்சாத்தானே அக்கா மாத்துவாங்க?" என்றார்.

75/11 அளவுள்ள புதிய எம்பிராய்டரி ஊசியை, தட்டையான பக்கம் பின்னோக்கி இருக்கும்படி பொருத்தியதும் ஒரு முழு மாங்காய் டிசைன் நூல் அறுபடாமல் முடிந்தது. ஆனால் அவர் அசைத்துவிட்ட பாபின் திருகைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எனக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. ஊசி மாற்ற ஆனது இரண்டே நிமிடம்.

நூல் அறுந்தவுடன் டென்ஷனைத் திருகும் பழக்கம்தான் என் கவலை. அது கடைசியாகத் தொட வேண்டிய இடம். மேல்நூலின் ஒவ்வொரு பகுதியும், ஒரு தையலாகத் துணியில் படிவதற்கு முன் ஊசிக்காதின் வழியே பலமுறை மேலும் கீழும் உரசிச் செல்கிறது. அந்தக் காதில் சிறு பிசிறோ பசையோ இருந்தால் நூல் ஒவ்வோர் உரசலிலும் நைந்துகொண்டே வந்து இறுதியில் அறுகிறது. அப்போது முனை பஞ்சாக இருக்கும். சுமார் எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை ஊசியை மாற்றுவது நல்லது. காஞ்சிபுரம் பட்டின் ஜரிகைக் கரைமேல் தைத்தால் அதற்கும் முன்னதாகவே ஊசி மழுங்கிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

முனை கத்தியால் நறுக்கியதுபோல் இருந்தால், நூல் எங்கோ மாட்டி வெடுக்கென்று இழுபடுகிறது என்று பொருள். பெரும்பாலும் நூல்கண்டின் விளிம்பில் நூலைச் செருகுவதற்காக உள்ள வெட்டில் சிக்கியிருக்கும், அல்லது கண்டிலிருந்து நழுவிய நூல் அதன் தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். கண்டைத் திருப்பிப் போட்டு, அதன் அளவுக்கேற்ற மூடியை மாட்டினாலே பல நேரங்களில் தீர்ந்துவிடும்.

நூலைக் கோக்கும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துபாதம் மேலே தூக்கியிருக்க வேண்டும் என்பதும் பலருக்குச் சொல்லித் தரப்படுவதில்லை. பாதம் தூக்கியிருக்கும்போதுதான், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விரிந்து நூலை உள்ளே ஏற்கும். கோத்தபின் பாதம் மேலே இருக்கையில் நூலைக் கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். பாதத்தை இறக்கி இழுத்தால் இறுகிப் பிடிக்க வேண்டும். வேறுபாடே தெரியாவிட்டால் நூல் தட்டுகளுக்குள் செல்லவில்லை.

நூல் எப்போதும் டிசைனின் ஒரே இடத்தில் அறுந்தால், இயந்திரத்தைக் குறை சொல்லக்கூடாது. 20 செண்டிமீட்டர் மயில் ஒன்றைக் கைப்பகுதிக்காக 12 செண்டிமீட்டராகச் சுருக்கும்போது, மென்பொருள் தையல்களைக் குறைக்காவிட்டால், அதே எண்ணிக்கைத் தையல்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பரப்புக்குள் திணிக்கப்படுகின்றன. வழக்கமான 40ஆம் எண் நூலுக்குத் தையல் வரிகளுக்கிடையே 0.4 மில்லிமீட்டர் இடைவெளி பொருந்தும். இங்கே அது 0.24 ஆகிவிடுகிறது. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் நூலின்மேல் ஊசி மறுபடி மறுபடி குத்தினால் எந்த நூல்தான் தாங்கும்? சிறிய அளவுக்கென்றே அமைத்த டிசைனை வாங்குவது, சுருக்கிப் பார்த்து ரவிக்கையைக் கெடுப்பதைவிட மலிவு.

ஜரிகை நூலுக்கு 90/14 ஊசியும், குறைந்த வேகமும், கண்டை இயந்திரத்திலிருந்து சற்றுத் தள்ளி வைப்பதும் உதவும்.

இணையக் காணொளிகளில் நூல் உலர்ந்து போவதால் அறுகிறது, குளிர்பெட்டியில் வையுங்கள் என்று அறிவுரை சொல்வார்கள். வறண்ட குளிர்நாட்டுக்கு அது பொருந்தலாம். ஈரப்பதம் மிகுந்த நம் சிங்கப்பூரில் அதைச் செய்ய வேண்டியதில்லை. ரேயான் நூல் ஈரத்தில் வலுவிழக்கும் தன்மையுடையது என்பதால், அதை மூடியுள்ள டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பைகளோடு, சன்னல் வெயில் படாமல் வைப்பதே இங்கு ஏற்றது.

இவ்வளவும் பார்த்த பிறகும் அறுந்தால் டென்ஷனுக்கு வரலாம். தடித்த எழுத்து ஒன்றைத் தைத்துத் துணியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு பாபின் நூல் தெரிந்தால் சரி. அதைவிட மிகக் குறைவாக, அல்லது தெரியாமலே போனால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது. அதிகம் தெரிந்தால் இறுகியிருக்கிறது.

இயந்திரம் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயல்விளக்கத்தில் பூ அழகாக மலர்வதை மட்டும் காட்டாமல், நூலை வேண்டுமென்றே தவறாகக் கோத்து, அறுத்துக் காட்டி, பிறகு சரியாகக் கோத்துக் காட்டுங்கள். அந்த அரைமணி நேரத்தைத் தமிழில் சொல்லக்கூடிய ஒருவரை வைத்துக்கொண்டால், கையேட்டின் ஆங்கிலத்தைக் கண்டு தயங்கும் மூத்த பெண்களுக்குப் பேருதவியாக இருக்கும். சமூக மன்றங்களில் தையல் வகுப்பு எடுப்போரும் முதல் வகுப்பிலேயே இதைச் சேர்க்கலாம். தேய்ந்த ஊசிகளையும் பஞ்சாகவும் நறுக்காகவும் அறுந்த நூல் துண்டுகளையும் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். மாணவிகள் நகத்தில் இழுத்தும் கண்ணால் பார்த்தும் பழகுவதற்கு வேண்டுமென்றால், கேட்பவர்களுக்கு அதை மகிழ்ச்சியோடு தருவேன்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் ஒரு வாசகி,
ஈசூன்