வலைக்கண்

கண்ணா,

நலமா? நேரத்துக்குச் சாப்பிடு. அக்கா வீட்டில் எல்லாரும் நலம், சின்னவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். மற்ற சேதியெல்லாம் அப்புறம்.

மூன்று வாரம் முன்பு, போனை வைக்கும்போது ஒரு சொல் சொன்னாயே, "நாம ரொம்ப என்மெஷ்டா இருக்கோம்மா" என்று. நான் "சரிப்பா" என்றேன். புரியாமல்தான் சொன்னேன். அன்றிரவே அகராதியை எடுத்துவிட்டேன். 'மெஷ்' என்றால் வலை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். வலையில் நூலுக்கும் நூலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியும் அதுதானாம். வலைக்கண் என்போமே, அது. முன்னால் 'என்' சேர்ந்தால் அதில் அகப்பட்டுக்கொள்வது. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தில் வில்லன் இயாகோ இந்தச் சொல்லைச் சொல்கிறான். ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவின் நல்ல குணத்தைக் கொண்டே எல்லாரையும் சிக்கவைக்கும் வலையைப் பின்னுவானாம். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். நல்ல குணத்தை வைத்துக்கூட வலை பின்னலாமா?

குடும்பங்களைப் பற்றிப் பேச இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டவர் சால்வடார் மினுச்சின், அர்ஜென்டினாவில் பிறந்த மனநல மருத்துவர். 1974இல் வந்த அவருடைய புத்தகத்தில் ஓர் இடம்: ஒருவரோடொருவர் இப்படிச் சிக்கிக்கிடக்கும் வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு வைத்த இனிப்பைப் பிள்ளை தொடவில்லை என்றால்கூடப் பெற்றவர்கள் கலங்கிப்போவார்களாம். நம் வீட்டுக்குள் இருந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கிறார். ஆனால் அவரே இது பழகும் விதத்துக்கான பெயர், நோய்க்கான பெயர் இல்லை என்கிறார். பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்வரை தாய் அப்படி ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு என்கிறார். அதை இரண்டு தடவை படித்தேன். நீயும் படித்திருப்பாய். அந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனை வைப்பதா?

கோபமில்லை. உன்னைப் போல ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும்? அந்த வருஷம் முழுக்க ராத்திரியில் நான் அழுததைக் கேட்டுக்கொண்டு தூங்காமல் கிடந்தவன் நீ. உன் பெரியப்பாவோடு நடந்த சண்டை, கடன், வக்கீல் சொன்னது, எல்லாவற்றையும் உன்னிடம்தான் கொட்டினேன். "என் பிள்ளைக்குத் தெரியாத விஷயமே கிடையாது" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வேன். உனக்கு அப்போது பத்து வயது.

பள்ளிக்கூடத்தில் மலைக்குக் கூட்டிப்போவதாக இருந்தார்களே, நினைவிருக்கிறதா? முதல் நாளே நீலப் பையைக் கட்டி வைத்துவிட்டாய். காலையில் நான் தலைவலி என்று படுத்திருந்தேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. ஸ்வெட்டர், டார்ச், புது சாக்ஸ் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்தாய். கண்ணை மூடிய மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்று தலைவலி இல்லை கண்ணா. அந்த இரண்டு நாளைத் தனியாக எப்படிக் கழிப்பது என்று பயம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வேலைக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம், அக்கா சொன்னாள். எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி சீக்கிரம் படு. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. போன வாரம் டாக்டரிடமும் காட்டிவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறதாம். சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், நீயே பார்.

அம்மா